பச்சையைத் துரத்திய படம்

ஜப்பானிய இயக்குநர் நாகிஸா ஓஷிமா 1960ல் எடுத்த 'செய்ஷுன் ஸான்கொகு மொனொகதாரி' படத்தை இரண்டு முறை பார்த்திருக்கிறேன். தமிழில் 'இளமையின் கொடூரக் கதை' என்று சொல்லிக்கொள்ளலாம். முதல் முறை 2004ல், நான் புனேவுக்கு வேலைக்கு வந்த இரண்டாவது வருடம். ஆபீஸ் நண்பர் ஒருவர் எங்கிருந்தோ பிடித்துக்கொண்டு வந்த டிவிடி. இரண்டாவது முறை போன மாதம், புதுப்பிக்கப்பட்ட பிரதியில். கதை அதேதான், நடிகர்கள் அதேதான், நீளமும் அதே 96 நிமிடம்தான். ஆனால் முதல் தடவை பார்த்ததில் படத்தின் முக்கியமான ஒரு சங்கதி காணாமல் போயிருந்தது. அது காணாமல் போயிருப்பதே தெரியாத மாதிரி காணாமல் போயிருந்தது. அதைப் பற்றித்தான் எழுத ஆசை.

முதலில் கதை. (முடிவையும் சொல்லப்போகிறேன். தெரிந்துகொள்ள விரும்பாதவர்கள் படத்தைப் பார்த்துவிட்டு வரலாம், நான் எங்கேயும் போகமாட்டேன்.)

மகோத்தோ என்று ஒரு பெண், மாணவி. ராத்திரி நேரத்தில் கார் வைத்திருக்கும் நடுத்தர வயது ஆண்களிடம் லிஃப்ட் கேட்டு வீடு திரும்புவது அவளுக்கும் தோழிக்கும் விளையாட்டு. ஒரு நாள் ஓர் ஆள் அவளை ஓட்டலுக்கு இழுக்கப் பார்க்கிறான். அந்த வழியாக வரும் கியோஷி என்ற கல்லூரி மாணவன் அவனை அடித்து நொறுக்குகிறான். போலீஸ் என்றதும் அந்த ஆள் பயந்து பணத்தைக் கொடுத்துவிட்டு ஓடுகிறான். அந்தப் பணத்தில் இருவரும் மறுநாள் ஊர் சுற்றுகிறார்கள். கொஞ்ச நாளில் இதுவே தொழிலாகிறது: அவள் காரில் ஏறுவாள், இவன் மோட்டார் சைக்கிளில் பின்தொடர்வான், அந்த ஆள் கையை வைத்ததும் இவன் போய் அடித்துக் காசு பிடுங்குவான். ரவுடிகள் வருகிறார்கள், கர்ப்பம் வருகிறது, கருக்கலைப்பு வருகிறது, கடைசியில் போலீஸ் வருகிறது. இருவரும் பிரிகிறார்கள். ரவுடிகள் கியோஷியை அடித்தே கொல்கிறார்கள். மகோத்தோ இன்னொருவன் காரில் போகும்போது ஓடும் காரிலிருந்து குதிக்கிறாள், சாலையில் இழுபட்டுச் சாகிறாள். அகலத்திரையில் இரண்டு பேருடைய முகமும் பக்கத்தில் பக்கத்தில். அவ்வளவுதான். ஆறுதல் கிடையாது.

எழுதிப் பார்த்தால் எழுபதுகளின் எந்த மசாலாப் படத்துக்கும் பொருந்துகிற கதை மாதிரி இருக்கிறது. ஷோச்சிக்கு கம்பெனியும் அப்படி நினைத்துத்தான் விட்டிருக்க வேண்டும். தொலைக்காட்சி வந்து டிக்கெட் விற்பனை சரிந்துகொண்டிருந்த நேரம். போட்டிக் கம்பெனியான நிக்கட்ஸு 1956லேயே பணக்கார வீட்டுப் பொறுக்கிப் பையன்களின் கதைகளை எடுத்துக் காசு பார்த்துவிட்டது. ஷோச்சிக்குவோ அப்பா, அம்மா, பெண்ணுக்குக் கல்யாணம், கண்ணீர் என்று குடும்பப் படங்களுக்குப் பேர் போன இடம். யசுஜிரோ ஓஸு கடைசிவரை வேலை பார்த்த ஸ்டூடியோ. அங்கே 28 வயதுப் பையன் ஒருவனிடம், இளைஞர்களுக்கு ஒரு படம் எடுத்துக்கொடு என்று சொன்னார்கள். படம் ஓடியது. கம்பெனிக்கு சந்தோஷம். சந்தோஷம் எத்தனை மாதம் நீடித்தது என்பதைப் பிறகு சொல்கிறேன்.

இங்கே ஒரு சின்னத் தகவல். ஓஸுவின் முதல் வண்ணப்படம் 1958ல் வந்த 'ஹிகன்பனா'. அதில் அப்பாவுக்குச் செல்லமான இளைய மகளாக வருபவர் மியுகி குவானோ. அதே படத்தில் காதலனோடு வாழ வீட்டை விட்டுப் போகிற பெண்ணாக வருபவர் யோஷிகோ கூகா. இரண்டே வருடம் கழித்து ஓஷிமாவின் படத்தில் குவானோதான் மகோத்தோ, கூகாதான் அவளுடைய அக்கா யூகி. கேமராமேன் தகாஷி கவமாதா? ஓஸுவின் ஆஸ்தான ஒளிப்பதிவாளர் யூஹாரு அட்ஸுதாவிடம் உதவியாளராக இருந்தவர். அதாவது ஓஷிமா வெளியிலிருந்து யாரையும் கொண்டுவரவில்லை. அதே வீட்டுப் பிள்ளைகளை எடுத்துக்கொண்டு போய்த் தெருவில் நிறுத்திவிட்டார்.

இப்போது பச்சைக்கு வருகிறேன்.

ஓஷிமாவுக்கு இதுவும் ஆரம்பகால வண்ணப்படம். எடுக்கும்போது தனக்குத்தானே ஒரு தடை போட்டுக்கொண்டதாக அவரே ஒரு கட்டுரையில் எழுதியிருக்கிறார்: பச்சை நிறத்தைப் படம் பிடிக்கக் கூடாது. என்ன பைத்தியக்காரத்தனம் என்று தோன்றலாம். அவர் சொல்லும் காரணம் இது. ஜப்பானியக் குடும்பப் படங்களில் பாய் விரித்த அறை இருக்கும், அந்த அறைக்கு அந்தப் பக்கம் கதவைத் தள்ளினால் சின்னத் தோட்டம் இருக்கும். வீட்டில் எவ்வளவு பெரிய சண்டை நடந்தாலும் கண் அந்தப் பச்சையில் போய் இளைப்பாறிவிடும். பார்ப்பவன் மனது இளகிவிடும். அந்த வீடும் அந்தத் தோட்டமும் இருக்கிறவரை எதுவும் மாறாது. ஆகவே பச்சை வேண்டாம், பாயில் உட்கார்ந்து டீ குடித்தபடி பேசும் காட்சிகளும் வேண்டாம்.

யோசித்துப் பாருங்கள், நம்முடைய படங்களில் சோகம் முற்றியதும் கதாநாயகன் போய் நிற்பது எங்கே? வயல் வரப்பில், மலைச்சரிவில். கேமரா ஒரு வட்டம் அடிக்கும். நமக்கும் பாதி பாரம் இறங்கிவிடும். அந்தப் பாரம் இறங்கக் கூடாது என்று ஒருவர் முடிவுசெய்திருக்கிறார்.

டைட்டிலே அப்படித்தான் ஆரம்பிக்கிறது. கசங்கிய செய்தித்தாள்கள், அதன் மேல் பிரஷ்ஷால் இழுத்த மாதிரி சிவப்பு எழுத்துகள். கொரியாவில் அந்த ஏப்ரலில் மாணவர்கள் நடத்திய கிளர்ச்சியின் நியூஸ்ரீல் காட்சிகள் கொஞ்சம் வருகின்றன. பிறகு டோக்கியோவில் அமெரிக்காவுடனான பாதுகாப்பு ஒப்பந்தத்தை எதிர்த்து ஊர்வலம். மகோத்தோவும் கியோஷியும் ஓரமாக நின்று வேடிக்கை பார்க்கிறார்கள். படம் வெளியானது 1960 ஜூன் 3. பன்னிரண்டாம் நாள், ஜூன் 15 அன்று, நாடாளுமன்ற வளாகத்தில் நடந்த மோதலில் மிச்சிகோ கன்பா என்ற டோக்கியோ பல்கலைக்கழக மாணவி இறந்துபோனார். ஜூன் 19ல் ஒப்பந்தம் தானாகவே அமலுக்கு உறுதியானது. திரையில் கியோஷி வேடிக்கை பார்த்த ஊர்வலம் தியேட்டருக்கு வெளியே இன்னும் முடியாமல் இருந்தபோது ஓடிய படம் இது.

சரி, 2004ல் நான் பார்த்தது என்ன? அந்த டிவிடி எந்தப் பிரதியிலிருந்து எடுக்கப்பட்டதோ, முழுப்படமும் ரோஸ்மில்க்கில் முக்கி எடுத்த மாதிரி இருந்தது. முகம் ரோஸ், வானம் ரோஸ், கடல் ஒருவித அழுக்கு ரோஸ். டூரிங் டாக்கீஸில் படம் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இதைத் தனியாக விளக்க வேண்டியதில்லை. ஓடித் தேய்ந்த ஈஸ்ட்மென் கலர் பிரதி எங்கள் ஊருக்கு வரும்போது எம்.ஜி.ஆரின் பச்சைச் சட்டையும் பின்னாலிருக்கும் புல்வெளியும் ஒரே செங்கல் நிறத்தில் இருக்கும். நாங்கள் அதற்காகக் கவலைப்பட்டதில்லை, சண்டை தெரிந்தால் போதும்.

காரணம் வேதியியல். அந்தக் கால வண்ணப் பிலிமில் மூன்று சாயங்கள் அடுக்கடுக்காக இருக்கும்: நீலப்பச்சை, கருஞ்சிவப்பு, மஞ்சள். திரையிடும் பிரதிகளில் முதலில் வெளுத்துப்போவது பெரும்பாலும் நீலப்பச்சை. அது போனால் மிச்சமிருப்பது சிவப்பும் ரோஸும்தான். குளிரூட்டிய அறையில் வைத்தால் மெதுவாக வெளுக்கும், நம்ம ஊர் வெயிலில் வைத்தால் வேகமாக வெளுக்கும். எளிதில் வெளுக்காத சாயம் உள்ள பிரதிச் சுருள்கள் பரவலாக வந்தது 1980களில்தான். அதற்கு முன் எடுத்த எத்தனையோ படங்களுக்கு இதுதான் கதி, ஜப்பானில் எடுத்தாலும் சரி, கோடம்பாக்கத்தில் எடுத்தாலும் சரி.

இப்போது விஷயம் புரிந்திருக்கும். ஒரு மனிதர் மெனக்கெட்டுப் பச்சையைத் துரத்துகிறார். நாற்பது வருடம் கழித்து சாயம் வெளுத்து, இருக்கிற படங்களில் எல்லாம் பச்சை தானாகவே போய்விடுகிறது. அவர் துரத்தியதற்கும் தானாகச் செத்ததற்கும் வித்தியாசமே தெரியாது. ரோஸ் பிரதியில் ஓஸுவின் தோட்டமும் இல்லை, ஓஷிமாவின் 'தோட்டம் கிடையாது' என்ற கோபமும் இல்லை. எல்லாம் ஒரே நிறம். மற்ற நிறங்கள் உயிரோடு இருந்தால்தான் ஒன்று இல்லை என்பது கண்ணுக்குத் தெரியும்.

2014 மே மாதம் கான் திரைப்பட விழாவின் பழைய படங்களுக்கான பிரிவில் ஷோச்சிக்கு இதன் புதுப்பித்த வடிவத்தைத் திரையிட்டது. 4 கே தரத்தில் செய்தது. 96 நிமிடம் என்றால் நொடிக்கு 24 சட்டம் வீதம் 1,38,240 சட்டங்கள். ஒவ்வொன்றையும் ஸ்கேன் செய்து, தூசி, கீறல், ஒட்டுப்போட்ட இடத்தின் குதிப்பு எல்லாவற்றையும் சரிசெய்ய வேண்டும். இதெல்லாம் பொறுமை வேலை. மென்பொருள் பாதி செய்யும், மிச்சத்தை மனிதர்தான் உட்கார்ந்து பார்க்க வேண்டும். (தூசி என்று நினைத்து மென்பொருள் மழைத்துளியை அழித்துவிடுவது உண்டு. எங்கள் துறையில் இதற்கு 'ஃபால்ஸ் பாசிடிவ்' என்று பெயர்.) சிக்கலான வேலை நிறம்தான். சிவப்பேறிய படத்தைச் சமன் செய்ய எதைக் கூட்ட வேண்டும்? நீலத்தையும் பச்சையையும். பச்சையை வெறுத்தவரின் படத்தைக் காப்பாற்றக் கொஞ்சம் பச்சையை ஊற்றித்தான் ஆக வேண்டும் என்பது எனக்கு ரொம்பப் பிடித்த முரண். அளவு கொஞ்சம் தப்பினாலும் போச்சு. குறைந்தால் மறுபடி ரோஸ்மில்க், கூடினால் டோக்கியோவே பூங்காவாகிவிடும்.

போன மாதம் பார்த்த பிரதியில் டோக்கியோ பூங்காவாக இல்லை. விரிகுடாவில் மரக்கட்டைகள் மிதக்க விட்டிருக்கும் இடம் ஒன்று வருகிறது, படத்தின் மிகப் பேர்பெற்ற காட்சி. தண்ணீர் தண்ணீராக இருக்கிறது, கனமாக, எண்ணெய் படிந்த மாதிரி. கட்டைகள் வெயிலில் வெளுத்த பழுப்பு. தோல் தோலின் நிறத்தில். கண்ணை எங்கே திருப்பினாலும் இளைப்பாற ஓர் இடம் இல்லை. ஓஷிமா எழுதியது வெறும் வாய்ச்சவடால் இல்லை என்று அந்த ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடுகிறது.

அந்தக் காட்சியில் நடப்பதையும் சொல்ல வேண்டும். கியோஷி அவளை அறைகிறான், தண்ணீரில் தள்ளுகிறான். அவளுக்கு நீச்சல் தெரியாது. கட்டையைப் பிடித்து ஏற வரும்போதெல்லாம் ஏறவிடாமல் தடுக்கிறான். களைத்துப்போன பிறகு தூக்கிவிட்டு, அவளைப் பலவந்தப்படுத்துகிறான். அதற்குப் பிறகும் அவள் அவனைத்தான் தேடிப் போகிறாள். கல்லூரி விடுமுறைக்கு வந்திருந்த என் மகள் அந்த நேரம் பார்த்து அறைக்குள் வந்து, முழுக் காட்சியையும் நின்றபடியே பார்த்தாள்.

"இதுக்கு பேரு லவ்வாப்பா?"

"அவன் அப்படி சொல்லலையே."

"அவ சொல்றாளே."

எனக்குப் பதில் இல்லை. இன்றைக்கும் இல்லை. ஓஷிமா ஜப்பானிய இளைஞனின் கோபத்தைக் காட்டுகிறார், கோபம் போக வழியில்லாமல் பக்கத்திலிருப்பவள் மேல் பாய்கிறது என்றெல்லாம் விமரிசகர்கள் எழுதியிருக்கிறார்கள். இருக்கலாம். ஆனால் ஊர்வலத்தில் போக மனதில்லாதவன் கோபத்துக்கு அவள் ஏன் தண்ணீர் குடிக்க வேண்டும்? படம் அவனை நல்லவன் என்று சொல்லவில்லை என்பது உண்மை. அவளுக்கு நேர்ந்ததை அவள் பக்கத்திலிருந்து பார்க்கவும் இல்லை என்பதும் உண்மை. நிறம் தெளிவாகத் திரும்பி வந்தால் இதுவும் தெளிவாகத்தான் திரும்பி வருகிறது. ரோஸ் பிரதியில் இது ஏதோ பழங்காலத்து விவகாரம் போலத் தள்ளி நின்றது. இப்போது நேற்று எடுத்த மாதிரி இருக்கிறது. புதுப்பிப்பது என்றால் இதையும் சேர்த்துத்தான்.

மகள் உட்கார்ந்து மிச்சப் படத்தையும் பார்த்தாள். அவளைக் கட்டிப்போட்டது ஆப்பிள் காட்சி. (என்னையும்தான்.) மகோத்தோ கருக்கலைப்பு முடிந்து மயக்கத்தில் படுத்திருக்கிறாள். செய்தவர் அகிமோத்தோ என்ற மருத்துவர், ஏழைகள் பகுதியில் கிளினிக் வைத்திருப்பவர். ஒரு காலத்தில் அக்கா யூகியின் காதலர். இருவரும் போருக்குப் பிந்தைய வருடங்களில் உலகத்தை மாற்றப் புறப்பட்டவர்கள். இப்போது அவள் வேறெங்கோ ஒதுங்கிவிட்டாள், அவர் சட்டத்துக்குப் புறம்பாகக் கருக்கலைப்பு செய்து பிழைக்கிறார். பக்கத்து அறையில் அவர்கள் தங்கள் தோற்றுப்போன இளமையைப் பற்றிப் பேசுவது கேட்கிறது. இருட்டில் படுக்கைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் கியோஷி, எங்களுக்குக் கனவே இல்லை, அதனால் உங்களை மாதிரி ஆகமாட்டோம் என்கிற அர்த்தத்தில் பதில் சொல்கிறான். அப்புறம் ஒரு ஆப்பிளைக் கடிக்க ஆரம்பிக்கிறான். கேமரா நகரவில்லை. வெட்டு இல்லை. கடித்து, மென்று, விழுங்கி, மறுபடி கடித்து... ஆப்பிள் தீரும்வரை அசையாமல் பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

2004ல் எனக்கு 28 வயது, ஓஷிமா படம் எடுத்தபோது இருந்த வயது. கண் முழுக்கக் கியோஷி மேல்தான் இருந்தது. இப்போது காது பக்கத்து அறைக்குப் போய்விட்டது. அகிமோத்தோவின் குரலில் இருக்கும் அலுப்பு எனக்குத் தெரிந்த அலுப்பு. என்னோடு படித்து, இயக்கம், போராட்டம் என்று அலைந்து, இன்றைக்கு ரியல் எஸ்டேட் செய்கிற நண்பன் போனில் பேசும்போது கேட்கிற அதே குரல். இன்னொரு சங்கடம்: லிஃப்ட் கொடுக்கிற அந்தக் கார்க்காரர்கள் எல்லாம் இப்போது என் வயதுக்காரர்கள். ஒருவர் கண்ணியமாகவே இருக்கிறார், மகோத்தோவிடம் பரிவாகப் பேசுகிறார். கடைசியில் போலீஸில் புகார் கொடுப்பதும் அவர்தான். மற்ற கார்க்காரர்கள் வீட்டுக்குப் போய்விடுகிறார்கள். அந்த வீடுகளில் ஒருவேளை சின்னத் தோட்டம் இருக்கலாம், ஓஸு படத்தில் மாதிரி. அந்த வீடுகளை ஓஷிமா காட்டவில்லை.

ஷோச்சிக்குவின் சந்தோஷம் பற்றிச் சொல்கிறேன் என்றேனே. ஜூனில் இந்தப் படம், ஆகஸ்டில் இன்னொன்று, அக்டோபர் 9ல் 'ஜப்பானில் இரவும் மூடுபனியும்' என்று ஒரே வருடத்தில் மூன்று படம். மூன்றாவது, இடதுசாரி மாணவர் இயக்கத்தைத் தோலுரித்த அரசியல் படம். அக்டோபர் 12 அன்று சோஷலிஸ்ட் கட்சித் தலைவர் இனெஜிரோ அசனுமா மேடையிலேயே 17 வயதுப் பையன் ஒருவனால் குத்திக் கொல்லப்பட்டார். வெளியான நான்கே நாளில் கம்பெனி படத்தைத் தியேட்டர்களிலிருந்து தூக்கிவிட்டது. அந்த மாதமே நடந்த தன் கல்யாண விருந்தைக் கம்பெனியைக் கண்டிக்கும் கூட்டமாக ஓஷிமா மாற்றினார். (மாமனார் மாமியார் முகத்தைக் கற்பனை செய்துகொள்ளுங்கள்.) 1961ல் ஷோச்சிக்குவை விட்டே வெளியேறினார்.

அவர் 2013 ஜனவரி 15 அன்று இறந்தார். அடுத்த வருடம் அதே ஷோச்சிக்கு அவர் படத்தைத் துடைத்துக் கானுக்கு எடுத்துப் போகிறது. ஓஷிமாவின் முதல் படமான 1959ம் வருடப் படத்தில் ஓர் ஏழைப் பையன் புறா விற்பான். விற்ற புறா பறந்து அவன் வீட்டுக்கே திரும்பி வரும், மறுபடி விற்பான். கம்பெனி செய்வது கிட்டத்தட்ட அதுதான் என்று ஓர் எரிச்சல் வந்தது. ஆனால் இன்னொரு பக்கமும் இருக்கிறது. பிடிக்காத ஆளின் பிலிமைக் கம்பெனி குப்பையில் போடவில்லை. சொத்துக் கணக்கில் ஓர் எண்ணாக ஐம்பத்து நான்கு வருடம் அலமாரியில் இருந்திருக்கிறது. பாசத்தினால் இல்லை, கணக்குப்பிள்ளை புத்தியினால். முதல் தமிழ் பேசும்படமான 'காளிதாஸ்' (1931) இன்று யாரிடமும் இல்லை. நான் இருக்கும் இதே புனேவில் 2003 ஜனவரியில் நடந்த தீ விபத்தில் பழைய நைட்ரேட் சுருள்கள் ஏராளமாகச் சாம்பலாயின. நமக்குப் பாசம் நிறைய இருந்தது. அலமாரியும் குளிர்பதனமும்தான் இல்லை.

பார்க்க நினைப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். இந்தப் படம் ப்ளூரேயில் வந்திருக்கிறது, தேடினால் கிடைக்கும். குழந்தைகள் தூங்கிய பிறகு பாருங்கள். போடுவதற்கு முன்னால் டிவியில் 'விவிட்' என்று ஒரு பிக்சர் மோட் இருக்கும், கடையில் வாங்கிய நாளிலிருந்து அதில்தான் ஓடிக்கொண்டிருக்கும். அதை முதலில் அணைத்துவிடுங்கள். கிரிக்கெட் மைதானம் பளிச்சென்று தெரிவதற்காகப் பச்சையைத் தூக்கிக் காட்டுகிற சமாச்சாரம் அது.